டேக்டைலா, லீனியரா? மெக்கானிக்கல் கீபோர்டு ஸ்விட்ச் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கலாம் என்று முடிவு செய்தவுடன் எல்லாரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: ஒவ்வொரு சாவிக்கும் அடியில் இருக்கும் ஸ்விட்ச் எந்த வகை? பகலில் புரோகிராம், இரவில் தமிழ் எழுத்து என்று பல வருடங்களாக நாள் முழுக்கக் கீபோர்டோடு இருப்பவன் என்பதால், நண்பர்களும் அலுவலகத்துத் தம்பி தங்கைகளும் என்னிடம் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். என் மனம் டேக்டைல் பக்கம் சாய்ந்தது. அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

டேக்டைல், லீனியர் இரண்டுக்கும் உள்ளபடி என்ன வித்தியாசம்?

ஒரு ஸ்விட்சைப் பிரித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். மேல் மூடி, கீழ்ப் பெட்டி, நடுவில் ஏறி இறங்கும் ஸ்டெம், அதற்கு அடியில் ஒரு ஸ்பிரிங், ஓரத்தில் மெல்லிய உலோகத் தகடு. அவ்வளவுதான். ஸ்டெமின் ஒரு பக்கத்தில் இரண்டு சிறு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சாவி மேலே இருக்கும்போது அந்தக் கால்கள் உலோகத் தகட்டைத் தள்ளிப் பிடித்திருக்கும். சாவியை அழுத்தினால் கால்கள் கீழே போய்விடும், தகடு திரும்பி வந்து எதிரில் உள்ள உலோகத்தைத் தொடும், எழுத்து திரையில் விழும்.

லீனியரில் அந்தக் கால்கள் வழவழப்பான சரிவாக இருக்கும். டேக்டைலில் அதே சரிவில் ஒரு சின்ன மேடு இருக்கும். நகக்கண்ணால் தடவினால்தான் தெரியும், நொய் அளவுகூட வராது. அந்த மேட்டைத் தகடு ஏறி இறங்கும்போதுதான் விரலுக்கு ஒரு தடங்கல் தட்டுப்படுகிறது. இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவே உள்ள சண்டை முழுக்க அந்த மேட்டைப் பற்றியதுதான்.

அழுத்தினால் டிக் டிக் என்று சத்தம் வருமே, அதுதானே டேக்டைல்?

இல்லை. அது கிளிக்கி என்ற மூன்றாவது வகை. செர்ரி என்ற நிறுவனத்தின் நீல ஸ்விட்ச் அந்த வகை. அதில் சத்தத்துக்கென்றே தனியாக ஒரு பாகம் இருக்கிறது. டேக்டைல் விரலுக்கு மட்டும் சேதி சொல்லும், காதுக்குச் சொல்லாது. கடையில் நீலத்தை அழுத்திப் பார்த்துவிட்டு 'டேக்டைல் எனக்கு ஒத்துவராது, வீட்டில் திட்டுவார்கள்' என்று முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர். அவர்கள் டேக்டைலை இன்னும் தொட்டே பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

'கேம் விளையாட லீனியர், டைப் அடிக்க டேக்டைல்' என்று எல்லாரும் சொல்கிறார்களே?

நானும் ஒரு காலத்தில் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. செர்ரியின் எம்எக்ஸ் ஸ்விட்ச் 1983-ல் வந்தது. அதன் கறுப்பு வகை லீனியர். கடைகளில் பில் போடும் கீபோர்டுகளில் பல காலம் இருந்தது அதுதான். இன்று கேமர்களின் ஸ்விட்ச் என்று விற்கப்படும் சிவப்பு 2008-ல்தான் வந்தது. ஆக, நாள் முழுக்கத் தட்டிப் பிழைப்பவர்களின் கையில் லீனியர் எப்போதோ இருந்திருக்கிறது.

உண்மையான கேள்வி வேறு. உங்கள் விரல் சாவியை எங்கே நிறுத்துகிறது? செர்ரி வகை ஸ்விட்சில் சாவி மொத்தம் 4 மி.மீ. இறங்கும். பாதி வழியில், 2 மி.மீ. இறங்கியபோதே எழுத்து பதிந்துவிடும். மீதி 2 மி.மீ. வெறும் பயணம். பாதியை உணர்ந்து திரும்பிவிடும் விரல் ஒரு வகை. அடிவரை இறக்கி மோதவிடும் விரல் இன்னொரு வகை.

நம்மில் பெரும்பாலோர் இரண்டாம் வகை. அதற்குக் காரணமும் உண்டு. சாதாரண கீபோர்டில் ஒவ்வொரு சாவிக்கு அடியிலும் ஒரு ரப்பர் குமிழ் இருக்கிறது. அது மடிந்து அடியைத் தொட்டால்தான் எழுத்து வரும். பத்துப் பதினைந்து வருடம் அதில் பழகிய கை, அடிவரை போகாமல் நம்பாது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே' என்று பக்கம் பக்கமாக அடித்து லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களின் கை இன்னும் அழுத்தமானது. அந்த இயந்திரத்தில் ஓங்கித் தட்டாவிட்டால் தாளில் எழுத்து மங்கிவிடும்.

மேடு என்பது அதைக் கவனிக்கிற விரலுக்குத்தான் பயன். ஸ்பீட் பிரேக்கரில் வேகத்தைக் குறைக்காமல் பறக்கிறவருக்கு அது வெறும் குலுக்கல். அதுபோலத்தான், ஓங்கித் தட்டும் கைக்கு டேக்டைல் மேடு ஒரு உராய்வாக மட்டுமே மிஞ்சும். அந்தக் கைக்கு நல்ல லீனியர் நிம்மதியைத் தரும். மெதுவாகத் தொட்டு எழுதும் கைக்கு டேக்டைல் ஒரு துணை.

நான் எப்படித் தட்டுகிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செல்போனைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்து ரெக்கார்டு போடுங்கள். ஒரு பத்தி எதையாவது இயல்பான வேகத்தில் அடியுங்கள். சோதனை என்ற நினைப்பே வராத அளவுக்கு, நிஜமாகவே யாருக்காவது அனுப்ப வேண்டிய மெயிலாக இருந்தால் நல்லது. பிறகு ஹெட்போனில் கேளுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் 'டொக்' என்று பலகையில் மோதும் சத்தம் வந்தால் நீங்கள் அடிவரை போகிறவர். சில எழுத்துக்கு மோதல், சிலவற்றுக்கு வெறும் சரசரப்பு என்று வந்தால் உங்கள் கை பழக்கினால் பழகும்.

45, 55, 60 என்று எண் போடுகிறார்களே, அது என்ன?

அழுத்தத் தேவையான விசை. செர்ரி சென்டிநியூட்டனில் சொல்கிறது, மற்றவர்கள் கிராமில் சொல்கிறார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. செர்ரி சிவப்பு 45, கறுப்பு 60. டேக்டைலான பிரவுனுக்கு 55 என்பது மேட்டின் உச்சியைத் தாண்டத் தேவையான விசை.

இதைக் கண்ணால் பார்க்கலாம். பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.71 கிராம். சிவப்பு ஸ்விட்ச் உள்ள ஒரு சாவியின் மேல் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மெல்ல அடுக்குங்கள். ஒவ்வொரு நாணயத்துக்கும் சாவி கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே சீராக இறங்கும். ஆறாவது நாணயம் வைக்கும்போது 46 கிராம் ஆகிறது, ஏறக்குறைய அந்த இடத்தில் எழுத்து விழும். ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் ஒரு நாணயம் முன்பின் ஆகலாம்.

இதையே பிரவுனில் செய்து பாருங்கள். ஆறு நாணயம் வைத்தும் எழுத்து வராது. ஏழும் பெரும்பாலும் மேட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். எட்டாவதை வைத்ததும் மொத்த அடுக்கும் சட்டென்று இறங்கி ஏறக்குறைய அடிக்கே போய்விடும். மேட்டைத் தாண்டியதும் எதிர்ப்பு குறைந்துவிடுவதால் வரும் சரிவு அது. உங்கள் விரலுக்கும் இதேதான் நடக்கிறது. 'டேக்டைல் வாங்கினால் அடிவரை போகாமல் நிறுத்தலாம்' என்று விளம்பரத்தில் சொல்வதை நான் முழுதாக ஏற்காததற்குக் காரணம் இதுதான். மேடு எவ்வளவு பெரிதோ, அதைத் தாண்டிய பிறகு விழும் வேகமும் அவ்வளவு அதிகம். மேட்டுக்கு அப்பால் நிற்க வேண்டுமென்றால் விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். டேக்டைல் அதற்கு ஒரு அடையாளக் கல்லை நட்டுத் தருகிறது, அவ்வளவே.

பிரவுன் வாங்கிப் பார்த்தேன். லீனியருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. டேக்டைலே இப்படித்தானா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். டேக்டைலிலேயே மிக அடக்கமான மேடு பிரவுனுடையது. ரெடிமேட் கீபோர்டுகளில் எளிதாகக் கிடைப்பதும் அதுதான் என்பதால், அதை வைத்தே பலரும் டேக்டைல் முழுவதையும் எடைபோட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். பிரவுனின் மேடு லேசான மணல் சாலையில் சைக்கிள் போவது போல இருக்கும். அது பிடித்தவர்களும் உண்டு, குறை சொல்ல மாட்டேன்.

செர்ரியிலேயே கிளியர் என்று ஒன்று உண்டு, அதன் மேடு தெளிவாகத் தெரியும், ஸ்பிரிங்கும் கனம். போபா யு4டி என்பதில் சாவியைத் தொட்ட உடனேயே மேடு ஆரம்பித்துவிடும், உருண்டையாக, பெரிதாக. ஹோலி பாண்டாவும் அந்த மாதிரிதான். முதல் தடவை அழுத்துகிறவர்கள் சாவியைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஜப்பானின் டோப்ரே வேறு வழியில் போகிறது: உள்ளே ரப்பர் குமிழ்தான், ஆனால் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை, மின்தேக்குத் திறன் மாறுவதை வைத்துச் சாவி இறங்கியதைக் கண்டுகொள்கிறது. மெத்தென்ற டேக்டைல் வேண்டுமென்றால் அதற்கு இணை நான் பார்த்ததில்லை. விலை மட்டும் கையைக் கடிக்கும்.

டேக்டைல் வேண்டாம் என்று முடிவு செய்யும் முன் பெரிய மேடு உள்ள ஒன்றையாவது தொட்டுப் பாருங்கள்.

லீனியரில் எதை முதலில் பார்க்கலாம்?

கேட்டரான் மஞ்சள். 50 கிராம் அளவு, விலை குறைவு, வழவழப்பு அதிகம். எம்எக்ஸின் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு சீன நிறுவனங்கள் இறங்கியதால் வந்த நன்மைகளில் இது ஒன்று. லீனியரில் மறைந்துகொள்ள மேடு இல்லை. உராய்வு இருந்தால் விரலுக்கு உடனே தெரிந்துவிடும். எனவே லீனியர் வாங்கும்போது எடையைவிட வழவழப்பைப் பாருங்கள். சாவியின் நடுவில் அழுத்தாமல் ஓரத்தில் அழுத்தி மெதுவாக இறக்கினால், சொரசொரப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

தமிழில் நிறைய எழுதுகிறேன். அதற்கு எது நல்லது?

இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது. தமிழில் ஒரே மெய் இரட்டிப்பது ஓயாமல் வரும். பக்கம், எட்டு, அம்மா, வெற்றி, கண்ணாடி என்று எந்த வரியை எடுத்தாலும் ஒன்றிரண்டு இருக்கும். தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பில் இதற்கு ஒரு அழகான ஏற்பாடு உண்டு. ஒரே எழுத்தை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். பக்கம் என்று எழுத ஜே, எச், எச், கே, எஃப். அதாவது ப, க, க, ம, புள்ளி. ஒரே விரல் ஒரே சாவியை அடுத்தடுத்து இரண்டு முறை தட்ட வேண்டும்.

லீனியரில் வேகமாக எழுதும்போது எனக்கு இங்கேதான் சறுக்கியது. முதல் தட்டலுக்குப் பிறகு சாவி முழுதாக மேலே வரும் முன்பே விரல் மறுபடி இறங்கிவிடும், இரண்டாவது பதியாது. 'எட்டு' என்று அடித்தது 'எடு' என்று நிற்கும். 'கட்டி' 'கடி' ஆகிவிடும். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தி காட்டிக்கொடுக்காது. கடைசி வாசிப்பில் கண்ணில் பட்டால்தான் உண்டு. மேடு பெரிதாக உள்ள டேக்டைலுக்கு மாறியபின் ஒவ்வொரு தட்டலும் தனித்தனியாக விரலுக்குத் தெரிகிறது. 'ட்ட' என்றால் இரண்டு மேடு. மனம் எண்ண வேண்டியதில்லை, விரலே எண்ணிக்கொள்கிறது.

ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிப்பவர்களுக்கும் இரட்டை எழுத்து உண்டு, ஆகவே இதே அனுபவம் இருக்கலாம். ஆனால் லீனியரில் பிழையே விடாமல் தமிழ்99-ல் பறக்கும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். அவர் விரல் ஒவ்வொரு தட்டலுக்கும் முழுதாக மேலே எழும்பும். கையின் பழக்கம் எந்த ஸ்விட்சையும் மிஞ்சும்.

கேமுக்கு?

ஒரே சாவியைப் படபடவென்று தட்டவோ, அழுத்திப் பிடித்து விட்டு விட்டு இயக்கவோ வேண்டிய விளையாட்டுகளில் லீனியர் வசதி. போகும்போதும் வரும்போதும் தடை இல்லை. போட்டி போட்டு விளையாடுகிறவர்கள் இப்போது காந்தத்தை வைத்து இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்விட்சுகளுக்குப் போய்விட்டார்கள். அவற்றில் எத்தனை மி.மீ. இறங்கினால் பதிய வேண்டும் என்பதை நாமே அமைத்துக்கொள்ளலாம். அவை பெரும்பாலும் லீனியர்தான். வாரத்துக்கு ஒருமுறை விளையாடுகிறவர் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இரவில் வேலை செய்கிறேன், பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது.

சத்தம் பெரும்பாலும் இரண்டு மோதலிலிருந்து வருகிறது: ஸ்டெம் அடியில் மோதுவது, திரும்பி வந்து மேல் மூடியில் மோதுவது. சைலன்ட் என்று விற்கும் ஸ்விட்சுகளில் ஸ்டெமில் சிறு ரப்பர் பட்டைகள் வைத்து இந்த இரண்டையும் அடக்கியிருப்பார்கள். லீனியரில் செர்ரி சைலன்ட் சிவப்பு. டேக்டைலில் போபா யு4. மேலே சொன்ன யு4டி வேறு, அதில் மோதல் சத்தம் அடக்கப்படவில்லை. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் மாற்றி வாங்கிவிடாதீர்கள். கீபோர்டுக்கு அடியில் ஒரு தடித்த துணி அல்லது மேசை விரிப்பு போட்டாலே சத்தம் குறைந்துவிடும். மேசை ஒரு மத்தளம் மாதிரி, கீபோர்டின் ஒலியை வாங்கிப் பெருக்கித் தருவது அதுதான்.

விரல், மணிக்கட்டு வலிக்கிறது. ஸ்விட்ச் மாற்றினால் சரியாகுமா?

ஸ்விட்சை மட்டும் நம்பாதீர்கள். மேசையின் உயரம், மணிக்கட்டு வளையாமல் நேராக இருப்பது, இடையிடையே எழுந்து நடப்பது இவைதான் முதலில். விரல் மரத்துப்போனாலோ வலி இரவிலும் தொடர்ந்தாலோ டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். அதற்கப்புறம், ஓங்கித் தட்டும் பழக்கம் இருந்தால் லேசான ஸ்பிரிங் நல்லதா கனமானதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். லேசானதில் மோதல் பலமாகலாம், கனமானதில் தள்ளும் வேலை கூடலாம். டேக்டைலோ லீனியரோ, ஸ்பிரிங்கை மட்டும் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ள முடியும் என்பதை நினைவில் வையுங்கள்.

லூப் (உராய்வைக் குறைக்கும் கிரீஸ்) போட வேண்டுமா?

லீனியருக்குப் போட்டால் பலன் நன்றாகத் தெரியும். கிரைடாக்ஸ் 205ஜி0 என்ற கெட்டியான கிரீஸைத்தான் பலரும் எடுக்கிறார்கள். மெல்லிய தூரிகையில் கொஞ்சமாகத் தொட்டு, ஸ்டெம் உரசிப் போகும் இடங்களில் ஒரு படலம் மட்டும். வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அதிகம்.

டேக்டைலுக்கு அதைவிட மெல்லியது போதும், டிரைபோசிஸ் 3204 மாதிரி. முக்கியமான விஷயம், ஸ்டெமின் அந்த இரண்டு கால்களில் தூரிகை படவே கூடாது. அங்கே கிரீஸ் பட்டால் மேடு மழுங்கி, காசு கொடுத்து வாங்கிய டேக்டைல் லீனியராகிவிடும். இதெல்லாம் பொறுமையான வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போகும். புதிதாக வரும் ஸ்விட்சுகள் பல தொழிற்சாலையிலேயே லூப் போட்டு வருகின்றன. முதல் கீபோர்டுக்கு அவை போதும்.

வாங்கியபின் பிடிக்காமல் போனால் பணம் வீண்தானே?

அதற்காகத்தான் முதல் கீபோர்டு ஹாட்-ஸ்வாப்பாக இருக்கட்டும் என்கிறேன். சால்டரிங் இல்லாமல் ஸ்விட்சைப் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். வாங்கும் முன், ஸ்விட்சைச் செருகும் சர்க்யூட் பலகை மூன்று பின் (pin) வகையா ஐந்து பின் வகையா என்று பாருங்கள். மூன்று பின் பலகையில் ஐந்து பின் ஸ்விட்சைப் போட வேண்டுமென்றால், ஓரத்தில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் வெட்டிவிட்டால் போதும். உலோகப் பின் மேல் கை வைத்துவிடாதீர்கள்.

ஒருமுறை ஆன்லைனில் வாங்கிய 90 ஸ்விட்சில் நாலைந்தில் உலோகப் பின் வளைந்தே வந்திருந்தது. நான் பார்க்காமல் அழுத்திச் செருகிவிட்டேன். எல்லாம் முடிந்து சோதித்தால் எம் சாவி வேலை செய்யவில்லை. தமிழ்99-ல் அது 'ர'. பிடுங்கிப் பார்த்தால் செப்பு நிறப் பின் ஒன்று மடங்கி ஸ்விட்சின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ட்வீசரால் நிமிர்த்திச் செருகியதும் சரியாகிவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு ஸ்விட்சையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இரண்டு பின்னும் நேராக இருந்தால்தான் செருகுகிறேன். செருகும்போது பலகைக்கு அடியில் ஒரு விரலால் முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடியில் உள்ள சாக்கெட் பெயர்ந்துவிடும், அதைச் சரிசெய்ய சால்டரிங் தெரிந்தவரைத்தான் தேட வேண்டும்.

ஒரே கீபோர்டில் இரண்டையும் கலந்து போடலாமா?

தாராளமாக. என் கீபோர்டில் எழுத்துகளுக்கு டேக்டைல், ஸ்பேஸ் பாருக்கு லீனியர். கட்டைவிரல் எப்படியும் அடிவரைதான் போகிறது, அதற்கு மேடு எதற்கு? தெரியாமல் கை பட்டுத் தொல்லை தரும் கேப்ஸ் லாக்குக்கு மட்டும் மிகக் கனமான ஒன்று.

கடையில் டெஸ்டரில் (மாதிரி ஸ்விட்சுகள் பொருத்திய சிறு பலகையில்) அழுத்திப் பார்த்தால் போதாதா?

எது வேண்டாம் என்று கழிக்க உதவும், எது வேண்டும் என்று சொல்லாது. ஆள்காட்டி விரலால் ஒரு சாவியை ஆராய்ந்து அழுத்துவதும், பத்து விரலும் யோசனை இல்லாமல் ஒரு கடிதம் அடிப்பதும் ஒன்றல்ல. டெஸ்டரில் பெரிய மேடு எப்போதும் ஜெயிக்கும். ஆயிரம் சொல் அடித்த பிறகு அதே மேடு களைப்பைத் தரலாம்.

ஹாட்-ஸ்வாப் பலகை கையில் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். லீனியரில் நாற்பது, டேக்டைலில் நாற்பது வாங்கி, இடது பாதிக்கு ஒன்று, வலது பாதிக்கு மற்றொன்று போடுங்கள். ஒரு வாரம் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். அடுத்த வாரம் இடம் வலமாக மாற்றிப் போடுங்கள். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டாவது வாரக் கடைசியில் எந்தப் பாதியில் கை தயங்குகிறது, எந்தப் பாதியில் பேக்ஸ்பேஸ் அதிகம் தேவைப்படுகிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மிஞ்சிய நாற்பதை இதே கேள்வியோடு அடுத்து வருகிறவருக்குக் கொடுத்துவிடலாம். நான் முதன்முதலில் தொட்ட கேட்டரான் மஞ்சளும் அப்படி ஒரு நண்பரின் டப்பாவிலிருந்து வந்ததுதான்.